பின்கட்டிலிருந்து வந்த மூன்று புத்தகங்கள்

வங்காளத்தின் மீது தமிழ் வாசகர்களுக்கு உள்ள மயக்கம் பழையது. த.நா. குமாரஸ்வாமி மொழிபெயர்த்த ‘ஆரோக்கிய நிகேதனம்’, சு. கிருஷ்ணமூர்த்தி மொழிபெயர்த்த ‘நீலகண்டப் பறவையைத் தேடி’ போன்ற நாவல்களை நூலகத்திலிருந்து எடுத்து வந்து, பார்த்தே இராத ஆற்றங்கரைகளுக்காக ஏங்கிய தலைமுறை ஒன்று உண்டு. கல்கத்தாவில் கால் வைக்காமலே பத்மா நதியின் வெள்ளத்தைப் பற்றிப் பேசக்கூடியவர்கள் அவர்கள்.

ஆனால் அது பெரும்பாலும் முன்கட்டிலிருந்து பார்த்த வங்காளம். கூடத்தில் விவாதம் நடக்கும், யாரோ கவிதை சொல்வார்கள், மாடியறையில் ஒருவர் மனம் உடைந்து கிடப்பார். உள்ளேயிருந்து தட்டுகள் வரும், காலித் தட்டுகள் உள்ளே போகும். அந்தத் தட்டுகளைக் கொண்டு வந்த கைகள் என்ன நினைத்தன என்பது அதிகம் தெரியாது.

மூன்று தன்வரலாறுகளைச் சேர்த்து வைத்துப் படிக்கும்போது அந்தப் பின்கட்டின் கதவு திறக்கிறது. பேபி ஹால்தரின் ‘ஆலோ ஆந்தாரி’, மனோரஞ்சன் பியாபாரியின் ‘இதிவிருத்தே சண்டாள் ஜீபன்’, ராஸசுந்தரி தேவியின் ‘ஆமார் ஜீபன்’. மூன்றும் வங்க மொழியில் எழுதப்பட்டவை, மூன்றும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. முதல் இரண்டும் இந்த நூற்றாண்டில் வந்தவை. கடைசிப் புத்தகம் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எழுதிய மூவருமே அடுக்களையில் வெந்தவர்கள். படிப்பு அவர்களுக்குத் தானாக வந்து சேரவில்லை. ஒருவர் திருடினார், ஒருவர் சிறையில் பிடித்தார், ஒருவர் பாதியில் விட்டதைப் பல வருடங்கள் கழித்துத் தூசி தட்டி எடுத்தார்.

பேபி ஹால்தரின் கதையைப் பத்திரிகைகள் நிறையவே எழுதிவிட்டன. வீட்டு வேலைக்காரி எழுத்தாளரான அதிசயம்! குர்காவ்ன் வீடு, ஓய்வு பெற்ற மானுடவியல் பேராசிரியர் பிரபோத் குமார், அவர் பிரேம்சந்தின் பேரன், புத்தக அலமாரியைத் துடைக்கும்போது பேபியின் கை வங்கப் புத்தகங்களின் மீது தயங்குவதை அவர் கவனிக்கிறார், தஸ்லிமா நஸ்ரினின் ‘ஆமார் மேயேபேலா’வைப் படிக்கக் கொடுக்கிறார், பிறகு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து எழுதச் சொல்கிறார். எல்லாம் உண்மை. ஆனால் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னதில் ஒரு விபத்து நேர்ந்துவிட்டது. நோட்டு கொடுத்தவர் கதாநாயகர் ஆகிவிட்டார். நோட்டில் எழுதியதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

நோட்டில் இருப்பது என்ன? நான்கு வயதுப் பெண் குழந்தையின் கையில் ஒரு பத்து பைசாவை வைத்துவிட்டுத் தாய் வீட்டை விட்டுப் போகிறாள். திரும்பி வரவில்லை. தந்தை அடிக்கிறார், மாற்றாந்தாய் வருகிறாள், பள்ளிக்கூடம் விட்டுவிட்டு நடக்கிறது. பன்னிரண்டு வயதில், தன்னைவிடப் பதினான்கு வயது மூத்தவனுக்குக் கல்யாணம். கல்யாணம் என்றால் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று அந்தச் சிறுமி சந்தோஷப்படுகிறாள். பதின்மூன்றில் முதல் பிரசவம். அக்காவைக் கணவன் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். வேற்று ஆளோடு பேசினாள் என்று பேபியின் கணவன் அவள் தலையைக் கல்லால் பிளக்கிறான். 1999இல், மூன்று குழந்தைகளோடு டில்லிக்கு ரயில் ஏறுகிறாள். அங்கே வேலைக்குச் சேர்ந்த வீடுகளில், அழும் குழந்தைகளைப் பூட்டி வைத்துவிட்டு வேலை செய்ய வேண்டியிருந்த வீடும் ஒன்று.

இத்தனையையும் பேபி எழுதும் விதம்தான் புத்தகம். குரல் உயரவே இல்லை. அடி விழுந்ததையும் குழம்பு வைத்ததையும் ஒரே அளவு வார்த்தைகளில் சொல்கிறார். இது பயிற்சியால் வந்த அடக்கம் அல்ல. இப்படித்தான் நாட்கள் போயின என்று நினைத்த ஒருவரின் எழுத்து. படிப்பவருக்குத்தான் நடுவில் புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றுகிறது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ‘நான்’ என்று சொல்லிக்கொண்டே போகிற பேபி, திடீரென்று ‘பேபி’ என்று தன்னையே வெளியிலிருந்து பார்க்க ஆரம்பித்துவிடுகிறார். அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார். சில வரிகள் கழித்து மறுபடியும் ‘நான்’. இலக்கண ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்க வேண்டிய பிழை. சுழிக்காமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். இந்தப் புத்தகத்தில் பேபியின் பங்கு எவ்வளவு, பேராசிரியரின் பங்கு எவ்வளவு என்ற சந்தேகம் வெளிவந்த நாள் முதலே இருந்தது. பேராசிரியர் கையெழுத்துப் பிரதியைத் திருத்தினார், இந்தியில் மொழிபெயர்த்தார். 2002இல் முதலில் வந்ததே இந்திப் பதிப்புதான். வங்க மூலம் அதற்குப் பிறகுதான் அச்சேறியது. சந்தேகத்துக்கு இடம் உண்டுதான். ஆனால் தேர்ந்த எழுத்தாளர் யாரும் அந்த ‘நான்’, ‘பேபி’ தாவலை உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்க முடியாது. யோசித்திருந்தால் இன்னும் ஒழுங்காக, தகுந்த இடங்களில் மட்டும் செய்திருப்பார். இங்கே அது ஒழுங்கில்லாமல் வருகிறது, தலைவலி வருவது போல.

பின்பகுதி முன்பகுதி அளவுக்கு இல்லை. பேராசிரியர் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு நன்றியுணர்ச்சி பக்கங்களை நிரப்புகிறது. அவரைத் தந்தை முறையில் ‘தாதுஷ்’ என்று அழைக்கிறார் பேபி. அவருடைய நண்பர்கள் எழுதிய பாராட்டுக் கடிதங்கள் வருகின்றன. பேபியைப் பொறுத்தவரை அது இயல்பு. வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்டால் அதை எழுதத்தான் தோன்றும். ஆனால் முதல் பாதியில் யாருக்காகவும் எழுதாத பேனா, இரண்டாம் பாதியில் ஒரு வாசகரை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு எழுதுகிறது. ஊர்வசி புட்டாலியாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2006இல் வந்தது. பிறகு என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்பு இந்திப் பாடநூலில் இதன் ஒரு பகுதி இடம்பெற்றது. தன் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவரின் எழுத்தைப் பரீட்சைக்குப் படிக்க நேர்ந்த மாணவர்கள் அன்று மாலை அவரிடம் எப்படிப் பேசியிருப்பார்கள்?

மனோரஞ்சன் பியாபாரியிடம் இந்த அமைதி துளிக்கூடக் கிடையாது. கத்துகிறார். புத்தகத்தின் தலைப்பிலேயே ஒரு வசைச்சொல்லை எடுத்து மாட்டிக்கொள்கிறார். வங்காளத்தின் நமசூத்திரர்களை ‘சண்டாளர்’ என்றுதான் அரசுப் பதிவேடுகள் ஒரு காலத்தில் குறித்தன. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் அந்தப் பெயர் மாறியது. பாட்டன் தலைமுறை போராடி அழித்த சொல்லைப் பேரன் தலைமுறை வேண்டுமென்றே எடுத்து எழுதுகிறது என்றால், பெயர் மாறியதில் எவ்வளவு மாறியது என்று கேட்பதாகத்தான் அர்த்தம்.

‘நீலகண்டப் பறவையைத் தேடி’ படித்தவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். அதுவும் கிழக்கு வங்காளம், இதுவும் கிழக்கு வங்காளம். அந்த நாவலில் நிலபுலன் உள்ள இந்துக் குடும்பம் பிரிவினையால் ஊரை விட்டுக் கிளம்பும்போது தமிழ் வாசகரின் தொண்டை அடைக்கிறது. அதே பாதையில், சில வருடங்கள் பின்னால், கையில் ஒன்றுமில்லாமல் வந்த கூட்டத்தில் பியாபாரியின் தந்தையும் இருந்தார். 1950 வாக்கில் பாரிசால் மாவட்டத்தில் பிறந்த மனோரஞ்சன் அப்போது சின்னக் குழந்தை. முன்னால் வந்த மேல்சாதியினர் கல்கத்தாவின் விளிம்புகளில் இடம் பிடித்துக் காலனிகள் அமைத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த நமசூத்திரர்களுக்கு முகாம், கூடாரம், கடைசியில் தண்டகாரண்யக் காடு. போக மறுத்தவர்களுக்கு உதவித்தொகை நின்றது. மனோரஞ்சனின் அக்கா பட்டினியால் இறந்தாள்.

பள்ளிக்கூடம் என்ற பேச்சே இல்லை. மாடு மேய்த்தல், டீக்கடையில் கிளாஸ் கழுவுதல், பதின்ம வயதில் வீட்டை விட்டு ஓட்டம். ஊர் ஊராக வேலை செய்து, ஏமாற்றப்பட்டு, கூலி கிடைக்காமல் திரும்பும் இந்தப் பகுதிதான் புத்தகத்திலேயே உயிருள்ளது. சோறு கிடைத்த நாட்களை அவர் மறப்பதே இல்லை. எந்த ஊரில், யார் வீட்டில், என்ன கறியோடு என்று சொல்கிறார். வயிறு நிறைந்தவர்களின் தன்வரலாறுகளில் இந்த மாதிரி ஞாபகங்கள் இருக்காது.

எழுபதுகளின் நக்சலைட் கொந்தளிப்பில் இளைஞராக மாட்டிக்கொண்டு சிறைக்குப் போகிறார். அங்கேதான் எழுத்து வருகிறது. வயதில் மூத்த கைதி ஒருவர் தரையையே சிலேட்டாக்கிச் சொல்லிக் கொடுக்கிறார். வெளியே வந்து ஜாதவ்பூர் பக்கத்தில் ரிக்ஷா இழுக்கும்போது சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு புத்தகம். ஒரு நாள் படித்ததில் ‘ஜிஜீவிஷா’ என்ற சொல் புரியவில்லை. கல்லூரியிலிருந்து வந்து ஏறிய வயதான பேராசிரியையிடம் கேட்கிறார். வாழ வேண்டும் என்ற வேட்கை என்று அவர் பொருள் சொல்லிவிட்டு, இந்தச் சொல் உனக்கு எங்கே கிடைத்தது என்று விசாரிக்கிறார். என் பத்திரிகைக்கு உன் வாழ்க்கையை எழுது என்று சொல்லி, விலாசம் எழுதிக் கொடுக்கிறார். பெயரைப் பார்த்தால் மகாஸ்வேதா தேவி! சீட்டுக்கு அடியில் இருந்தது அவர் எழுதிய ‘அக்னிகர்பா’.

சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டார்கள். நடந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். ‘பர்த்திகா’ இதழில் ரிக்ஷாக்காரரின் கட்டுரை வந்தது. இந்தச் சம்பவமும் பேபியின் நோட்டு மாதிரியே பிரபலமாகிவிட்டது. பியாபாரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் புத்தகத்தைப் படித்தால், இந்தச் சந்திப்புக்குப் பிறகு வாழ்க்கை ஒன்றும் மாறிவிடவில்லை என்று தெரிகிறது. ரிக்ஷா தொடர்ந்தது. பசி தொடர்ந்தது. பிழைப்புக்காக இன்றைய சத்தீஸ்கர் பகுதிக்குப் போய், தொழிற்சங்கத் தலைவர் சங்கர் குஹா நியோகியோடு வேலை செய்தார். 1991இல் நியோகி சுட்டுக் கொல்லப்பட்டார். 1997இல் கல்கத்தா திரும்பி, காது கேளாத மாணவர்கள் படிக்கும் விடுதிப் பள்ளியில் சமையற்காரராகச் சேர்ந்தார். இருபது வருடங்களுக்கும் மேலாக அண்டா கிளறினார். அச்சில் பெயர் வந்த பிறகு இத்தனை வருடங்கள். எழுத்து அவருக்குச் சோறு போடவில்லை, சோறு ஆக்கிக்கொண்டேதான் எழுதினார்.

வங்காளத்தில் சாதி இல்லை என்று படித்த வங்காளிகள் சொல்வதுண்டு. அந்தப் பேச்சு பியாபாரியை வெறி கொள்ள வைக்கிறது. வங்க மொழியில் தலித் எழுத்து உண்டா என்ற கேள்வியோடு அவர் எழுதிய கட்டுரையை மீனாட்சி முகர்ஜி ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 2007இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ வெளியிட்டது. அதன் பிறகுதான் வங்காளத்துக்கு வெளியே பலர் அவரைக் கவனித்தார்கள். மராட்டியிலும் தமிழிலும் எழுபது, எண்பது, தொண்ணூறுகளில் உரத்து எழுந்த குரல் வங்காளத்தில் ஏன் இவ்வளவு தாமதமாகக் கேட்டது? பியாபாரியின் பதில் எளிமையானது. குரல் இருந்தது, பதிப்பகங்கள் கல்கத்தாவின் நல்ல தெருக்களில் இருந்தன. தண்டகாரண்யத்திலிருந்து சுந்தரவனத்துத் தீவான மரிச்ஜாப்பிக்குத் திரும்பி வந்து குடியேறிய அகதிகளை 1979இல் இடதுசாரி அரசு விரட்டியடித்ததை அவர் எழுதும் பக்கங்களில், அந்தத் தெருக்களின் மௌனத்தின் மீதும் சேர்த்தே கோபம் கொட்டுகிறது.

புத்தகத்தில் குறைகள் உண்டு. நீளம் அதிகம், சொன்னதையே சொல்கிறார், சண்டைகளில் அவர் பெரும்பாலும் ஜெயிக்கிறார். பெண்கள் நிழலாகத்தான் வந்து போகிறார்கள். கணவன் இரவெல்லாம் எழுதும்போது குடும்பத்தை இழுத்தவர் என்ன நினைத்தார் என்பதற்கு இன்னொரு புத்தகம்தான் வேண்டும். ஆனாலும் கத்தரித்துச் சுத்தமாக்கிய பியாபாரியை நினைத்துப் பார்க்க முடியவில்லை. சிப்ரா முகர்ஜியின் மொழிபெயர்ப்பு மூச்சிரைக்கும் அந்த வாக்கியங்களை அப்படியே விட்டிருக்கிறது. ஆங்கில வடிவம் 2018இல் வந்து, அந்த ஆண்டுக்கான ‘தி ஹிண்டு’ பரிசையும் பெற்றது. 2020இல் மாநில அரசு அவரை அடுக்களையிலிருந்து ஒரு நூலகத்துக்கு மாற்றியது. 2021இல் திரிணாமுல் காங்கிரஸ் வேட்பாளராக பாலாகர் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அதிகாரத்தின் பக்கம் போன பிறகு அந்தக் கோபம் என்ன ஆகும் என்று கவலைப்பட்ட வாசகர்கள் இருந்தார்கள். நியாயமான கவலைதான். இந்தப் புத்தகம் அதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டது.

மூன்றாவது புத்தகத்துக்கு மனத்தைப் பின்னோக்கித் தள்ள வேண்டும். ராஸசுந்தரி தேவி பிறந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய வங்கதேசத்தின் பப்னா பகுதியில். அவருடைய ‘ஆமார் ஜீபன்’தான் வங்க மொழியின் முதல் தன்வரலாறு என்று கருதப்படுகிறது. முதல் தன்வரலாற்றை எழுதியவர் ராஜாவோ சீர்திருத்தவாதியோ அல்ல, பள்ளிக்கூடமே போகாத ஒரு குடும்பப் பெண். தனிகா சர்க்கார் நீண்ட ஆய்வோடு சேர்த்து ஆங்கிலத்தில் தந்திருக்கும் ‘வேர்ட்ஸ் டு வின்’ 1999இல் வந்தது.

ராஸசுந்தரி ஏழை அல்ல. பன்னிரண்டு வயதில் பரீத்பூர்ப் பக்கம் ராம்தியா கிராமத்து நிலக்கிழார் வீட்டுக்கு மருமகளாகப் போனார். வேலையாட்கள் உண்டு, ஆனால் உள்கட்டுக்குள் எல்லாமே மருமகள்தான். இருபது, இருபத்தைந்து பேருக்கு இரண்டு வேளைச் சமையல், பன்னிரண்டு பிரசவங்கள். ஒரு முறை விருந்தாளி வந்து நிற்கவே தன் பங்குச் சோற்றை அவருக்குப் போட்டுவிட்டு, பிறகு ஒரு குழந்தை அழ, இன்னொன்று எழுந்துகொள்ள, இரண்டு நாட்கள் சோறே உள்ளே போகாமல் கழிந்ததை எழுதுகிறார். தானியம் நிறைந்த வீட்டில், எல்லோருக்கும் படைத்தவளின் பட்டினி. வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை. அகதி முகாமின் பசி வேறு, இது வேறு. ஆனால் பியாபாரியைப் படித்த கையோடு இந்தப் பக்கத்துக்கு வருபவருக்கு இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடம் தெரியும்.

இன்னொரு காட்சி சிரிக்க வைக்கும், பிறகு உறுத்தும். முற்றத்தில் கொட்டி வைத்த நெல்லைக் குதிரை தின்கிறது. ராஸசுந்தரி வெளியே வந்து விரட்டத் தயங்கி உள்ளேயே நிற்கிறார். ஏனென்றால் அது கணவரின் குதிரை. கணவரின் குதிரை முன்னால் எப்படிப் போய் நிற்பது? வெட்கம் எந்த ஆழம்வரை ஊறியிருந்தது என்பதை எந்த ஆய்வுக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. வயதான பிறகு, தன் இளமையைப் பார்த்து அவரே லேசாகச் சிரிக்கிறார்.

படித்த பெண் விதவையாவாள் என்று நம்பிய காலம். சைதன்ய பாகவதத்தைப் படிக்க வேண்டும் என்ற ஆசை கனவில்கூட வருகிறது. அந்தப் புத்தகம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. ஒரு நாள் கணவர் யதேச்சையாக அதை அடுக்களைப் பக்கம் வைத்துவிட்டுப் போக, ஒற்றை ஏட்டை உருவிக்கொள்கிறார். மூத்த மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் ஒளித்து வைத்துக்கொள்கிறார். சின்ன வயதில் பிறந்த வீட்டுத் திண்ணைப் பள்ளியில் பையன்கள் ஓதியதைக் காதால் கேட்டது மட்டும்தான் மூலதனம். ஏட்டில் உள்ள எழுத்தை ஓலையில் உள்ளதோடும் ஞாபகத்தில் உள்ள ஒலியோடும் பொருத்திப் பார்க்கிறார். வலக்கை சமையலில், இடக்கையில் ஏடு, முகத்தை மறைத்த முக்காடு அதற்கும் மறைவு. இப்படி எத்தனையோ நாட்கள். எழுதக் கற்றது வெகு காலத்துக்குப் பிறகு. வெளியூரில் இருந்த மகன், கடிதம் போட்டால் பதிலே இல்லையே என்று தாயைக் கடிந்து, காகிதமும் மையும் வாங்கி வைத்துவிட்டுப் போன பிறகுதான்.

பேபிக்கு ஒரு பேராசிரியர், பியாபாரிக்கு ஒரு மகாஸ்வேதா தேவி. ராஸசுந்தரியின் அடுக்களையில் கதவைத் திறந்துவிட அப்படி யாரும் இல்லை. கடவுளின் கருணை என்று அவர் சொல்கிறார். பக்கத்துக்குப் பக்கம் கடவுளுக்கு நன்றி. கணவரைப் பற்றியும் நல்ல வார்த்தைகள்தான், ஆனால் அவருக்குக் கிடைத்த இடம் சொற்பம். தாயின் மரணப் படுக்கைக்குப் போக விடவில்லை என்ற ஒன்று மட்டும் ஆறாமல் நிற்கிறது. அந்த இடத்தில் கடவுளையே கேட்கிறார், ஏன் என்னைப் பெண்ணாகப் பிறக்க வைத்தாய் என்று. பின்னாளில் இந்தப் புத்தகத்துக்கு முன்னுரை வழங்கியவர்கள் ஜோதீந்திரநாத் தாகூரும் தினேஷ் சந்திர சென்னும். முன்கட்டின் மரியாதை கிடைத்துவிட்டது. ஆனால் முன்னுரைகளைத் தாண்டி நேராக உள்ளே போவது நல்லது.

உள்ளே, படிக்கக் கற்றதற்குச் சற்றுப் பிந்தைய ஒரு பகுதி இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரை ரகசியமாகக் கூட்டி வைத்துக்கொண்டு ராஸசுந்தரி படித்துக் காட்டுகிறார். நாத்தனார்கள் வந்துவிடப் போகிறார்களே என்று ஒருத்தியைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். அப்படியும் ஒரு நாள் விஷயம் தெரிந்துவிடுகிறது. விதவைகளாகிப் பிறந்த வீட்டோடு வந்துவிட்ட அந்த நாத்தனார்கள் கோபித்துக்கொள்ளவில்லை. எங்களுக்கும் சொல்லிக் கொடு என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள்.